வீட்டம்மா ஸ்டாப்

ராஜபாளையம்
3.3.2025

என் மேல் கோபமாக இருக்கும் அக்கா செல்லக்கனிக்கு,

தம்பி சோணைமுத்து எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். சர்க்கரையும் என்னை விட்டுப் பிரியாமல் சௌக்கியமாக இருக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது, இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். அதற்குப் போய்க் கடிதமா என்று நினைப்பாய். அத்தானின் பதினாறாம் நாள் சடங்கில் அத்தனை சொந்தக்காரர் நடுவிலும் நீ என்ன சொன்னாய்? "இவன்கூட இனிமே பேச மாட்டேன்" என்றாய். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வருகிறேன்.

நான் செய்தது சின்னத் தப்பு இல்லை. ஊரில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என் கடையில்தான் அடிக்கிறார்கள். அப்படிப்பட்ட நான், போன ஆகஸ்டில் தவசிமுத்து அத்தான் பஸ் டிப்போவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருக்காமலே போனபோது, முந்தின ஆளின் போஸ்டரை எடுத்து, போட்டோவை மாற்றி, பேரை மாற்றி, ஊரை மாற்றி, அடியில் 'மனைவி: சுடலையம்மாள்' என்ற வரியை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டேன். இருநூறு போஸ்டர். தேரடியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும். உன் வீட்டுச் சுவரிலும் ஒன்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் அத்தானுக்கு வருஷம் திரும்புகிறது. அவர் ஞாயிறுதோறும் மலைக்குக் கூட்டிப்போன பிள்ளைகள் இல்லத்துக்குப் போயிருந்தேன், நினைவு நாள் சாப்பாடு போடலாம் என்று. அங்கே மாதத்துக்கு நாலு நினைவு நாள் வருகிறதாம். பாயச வாசம் வந்தாலே பிள்ளைகள், "இன்னைக்கு யாரு செத்தது?" என்று கேட்கிறார்கள். முன்பின் தெரியாத போட்டோவுக்கு முன்னால் கண்ணை மூடி நின்றுவிட்டு அப்பளத்தை நொறுக்குகிறார்கள். அத்தான் போட்டோவையும் அந்த வரிசையில் வைக்க மனசு வரவில்லை. ஏழு மாதமாக அவர்களை மலைக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. பன்னிரண்டு பேர். எல்லாம் குவாரி வேலைக்கும் கூலிக்கும் போகிறவர்களின் பிள்ளைகள், இல்லாவிட்டால் யாருமே இல்லாத பிள்ளைகள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பேரால் அவர்களை மலைக்குக் கூட்டிப்போவோமே. நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உன் திட்டுக்காகக் காத்திருக்கும்,
சோணைமுத்து


ஸ்ரீவில்லிபுத்தூர்
29.3.2025

சோணைமுத்துவுக்கு,

கடிதம் வந்தது. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது.

மலையைப் பற்றி இப்போது சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்று கேட்கிறேன். அந்தப் பேரை எந்தப் போஸ்டரிலிருந்து எடுத்தாய்?

மாத்திரையை மறக்காதே.

இப்படிக்கு,
தவசிமுத்துவின் மனைவி
செல்லக்கனி


ராஜபாளையம்
4.4.2025

தவசிமுத்து அத்தானின் ஒரே மனைவியாகிய அக்காவுக்கு,

உன் நாலு வரியைக் கடையில் எல்லோருக்கும் காட்டினேன். மாத்திரையை மறக்காதே என்று எழுதியிருப்பதால் கோபம் முக்கால்வாசி தீர்ந்துவிட்டதாகத் தீர்ப்பாகியிருக்கிறது. மாத்திரை போடுகிறேன். மாத்திரைக்கு ஏற்ற மாதிரி அல்வாவும் சாப்பிடுகிறேன்.

எந்தப் போஸ்டர் என்று கேட்டால் எப்படிச் சொல்வேன்? மாதம் நாற்பது பேரை வழியனுப்புகிறேன். பழைய கம்ப்யூட்டர் நவம்பரில் படுத்ததுதான், அதற்கே ஒரு கண்ணீர் அஞ்சலி போட்டிருக்க வேண்டும். அதிலிருந்தது அத்தனையும் போச்சு. என் லட்சணம் உனக்குத் தெரியாததா? போன வாரம் ஒரு குழந்தைக்கு முதல் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ். அடியில் 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்' என்று போட்டுவிட்டேன். தாத்தாவே வந்து சண்டை போட்டார். குழந்தை மட்டும்தான் சிரித்தது.

இல்லத்தில் சமையல்காரர் பால்சாமியைப் பார்த்தேன். பதினெட்டு வருஷமாக அத்தானோடு சோற்றுப் பொட்டலத்தைச் சுமந்துகொண்டு மலைக்குப் போனவர். அத்தான் தன் கண்டக்டர் விசிலை ஊதித்தான் நடத்திப்போவாராம். ஒரு விசிலுக்கு நிற்க வேண்டும், ரெண்டு விசிலுக்குக் கிளம்ப வேண்டும். "இப்ப ரோட்டுல பஸ் விசில் கேட்டாலும் ரெண்டு மூணு பிள்ளைக அப்படியே நின்னுருது" என்றார்.

நிர்வாகத்தில் ஒரு கடிதம் கேட்கிறார்கள். குடும்பத்தார் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்று நீ கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது இல்லாமல் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்களாம். தாள் இதோடு வைத்திருக்கிறேன். உன் பேரை இந்தத் தடவை மூன்று முறை சரிபார்த்து அடித்திருக்கிறேன்.

உன் முழங்காலுக்கு என் அன்பைச் சொல்லவும்.

சோணைமுத்து


ஸ்ரீவில்லிபுத்தூர்
12.5.2025

சோணைமுத்துவுக்கு,

வெயில் அதிகம். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கடிதம் முழுக்கச் சிரிப்புக் காட்டியிருக்கிறாய். கேட்டதற்குப் பதில் இல்லை.

அந்தச் சுடலையம்மாள் எந்த ஊர்? வயது என்ன? பிள்ளைகள் உண்டா? ஒன்றும் தெரியாது, கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்கிறாய். பதினெட்டு வருஷம் மலைக்குப் போனாரே, நீ ஒரு தடவையாவது கூடப் போயிருக்கிறாயா? நான் போனதில்லை. என்னை அவர் கூப்பிட்டதில்லை. பிள்ளை இல்லாத மனுஷன் பிள்ளைகளைத் தேடிப் போகிறார் என்று தெருவில் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

விடிகாலை ஐந்தரைக்குப் போவார். சாயங்காலம் நாலு மணிக்கு வருவார். சட்டையில் முள் ஒட்டியிருக்கும். முள் எங்கே வேண்டுமானாலும் ஒட்டும்.

கையெழுத்துப் போட மாட்டேன். தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

செல்லக்கனி


ராஜபாளையம்
18.5.2025

அக்காவுக்கு,

நீ உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்ததை நம்புகிறேன். மற்றது எதுவும் சரியாக இல்லை என்று புரிந்துகொண்டேன். இந்தக் கடிதத்தில் சிரிப்பு இல்லை, தேடாதே.

முதல் தடவை படித்தபோது கோபம் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை, ஊர் முன்னால் பட்ட அவமானம் என்று நினைத்தேன். மூன்றாம் தடவை அந்த முள்ளில் வந்து நின்றுவிட்டேன். பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டுக் கடைக்கு வெளியே வந்து உட்கார்ந்தேன்.

நீ போஸ்டரைப் பற்றிக் கேட்கவில்லை. எதைக் கேட்கிறாய் என்று நான் எழுதப்போவதில்லை. நீயும் எழுத வேண்டாம். ஒன்பது மாதம் இதை வைத்துக்கொண்டா அந்த வீட்டில் தனியாக இருந்தாய்? நான் குழந்தைக்கு 'வணங்குகிறோம்' போட்ட கதையை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு அந்தப் போஸ்டரை வேறு யாரிடமும் கொடுக்க மனமில்லாமல் நானே உட்கார்ந்து செய்தேன். அத்தானுடைய கல்யாண போட்டோவில் உன்னை வெட்டி எடுத்துவிட்டு அவரை மட்டும் ஒட்ட வேண்டியிருந்தது. கண் மறைத்துவிட்டது. அடிவரியைப் பார்க்கவே இல்லை. அம்புட்டுதான். அது வெறும் என் கைத்தப்பு.

ஆனால் மலையைப் பற்றி நான் சாட்சி சொல்ல முடியாது. "வாங்க மாப்ளே, தொப்பை கரையும்" என்று பல தடவை கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பால்சாமி சொல்வார். ஆம்பளைக்கு ஆம்பளை சாட்சியா என்று நீ கேட்பாய். நியாயம்தான்.

அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கிறேன்.

சோணைமுத்து


ராஜபாளையம்
9.6.2025

அக்காவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. உன் எதிர்வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்தேன், வாசல் தெளிக்கிறாய், பால் வாங்குகிறாய் என்றார்கள். அந்த மட்டுக்கும் நிம்மதி.

போஸ்டர் ஒட்டுகிறவருக்கு ஞாபகம் இருந்தது. சோழபுரத்துக்காரர் ஒருவர், அத்தானுக்கு நாலு நாள் முன்னால் தவறியவர். அவர் சம்சாரம்தான் சுடலையம்மாள். கோயிலுக்குப் பின்தெரு. வேறு எதுவும் தெரியவில்லை. நான் போய் விசாரிக்கட்டுமா? நீ சொல்லாமல் போக மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சோணைமுத்து


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.6.2025

தம்பி சோணைமுத்துவுக்கு,

சுகம். உன் சர்க்கரை எவ்வளவில் இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது. அல்வா கணக்கு வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை சோழபுரம் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. கோயிலுக்குப் பின்தெருவில் கேட்டதும் ஒரு சின்னப் பிள்ளை கூட்டிப்போய்க் காட்டியது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். வாசலில் பருத்தி விதை பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறேன், கண்டக்டர் தவசிமுத்து சம்சாரம் என்றேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, நீதானா அவ? உன்னாலதான் எனக்கு ஒரே வாரத்துல ரெண்டு புருசன் செத்துப்போனான்" என்றாள்.

அவள் நிறுத்தவில்லை. "என் நாத்தனாரு உங்க ஊரு ஆஸ்பத்திரிக்குப் போனவ சுவத்துல பாத்துட்டா. 'எங்கண்ணன் பொண்டாட்டி எம்புட்டு காலமா ரெண்டு குடும்பம் நடத்துனா'ன்னு இங்க வந்து ஒப்பாரி. பதினாறாம் நாள் சோத்துல பாதிப் பேரு கை நனைக்கல. நான் இந்த ஊரத் தாண்டிப் போனது மூணே தடவ. மூணும் பிரசவத்துக்கு."

ஆத்திரத்தில் சுவரிலிருந்து கிழித்துவரச் சொல்லி வைத்திருந்தாளாம். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தாள். அவள் வீட்டுக்காரர் போஸ்டரையும் எடுத்தாள். இரண்டையும் தரையில் விரித்துப் பார்த்தோம். அதே ரோஜாப்பூ, அதே புறா, அதே 'மனைவி: சுடலையம்மாள்'. உன் புத்தியைப் பற்றி இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினோம். உனக்கு அன்று விக்கல் எடுத்திருக்க வேண்டும். அவள் முதலில் சிரித்தாள். பொறவு நானும் சிரித்தேன். வருஷத்தில் முதல் தடவை.

அது தீர்ந்தது. ஆனால் அவள் நல்லவள் என்று தெரிந்ததால் ஞாயிற்றுக்கிழமை தெரிந்ததாக ஆகாது. பேர் அவளுடையதில்லை என்றால் பேரில்லாத ஒருத்தி இருக்கலாம். பதினோரு மாதம் பழகிய நினைப்பு, ஒரு பஸ் டிக்கெட்டில் போகாது.

கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒரு நிபந்தனை. நானும் வருவேன். அவர் எதுவரைக்கும் ஏறினாரோ அதுவரைக்கும்.

செல்லக்கனி


ராஜபாளையம்
3.7.2025

மலையேறப்போகும் அக்காவுக்கு,

சர்க்கரை இருநூற்றுப் பத்து. உன் கடிதத்தைப் படித்த பிறகு பார்த்திருந்தால் முந்நூறு காட்டியிருக்கும். முழங்காலை வைத்துக்கொண்டு செண்பகத்தோப்பு மலையில் ஏறுவேன் என்கிறாயே, டாக்டரைக் கேட்டாயா? கேட்க மாட்டாய். கேட்டாலும் டாக்டர்தான் பயப்படுவார்.

சோழபுரத்துக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். பேரைச் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றேன். அந்த அம்மா முறத்தை எடுத்தது விதை புடைக்க இல்லை என்பது பட்ட பிறகுதான் தெரிந்தது. அப்புறம் மோர் கொடுத்தார்கள்.

வனத்துறையில் ஆகஸ்டு பத்தாம் தேதிக்கு அனுமதி வாங்கியாகிவிட்டது, கூட ஒரு காவலர் வருவார். ஓடை வரைக்கும், அதற்கு மேல் கொஞ்சம் ஏற்றம், அவ்வளவுதான். விளம்பரத்துக்கு ஒரு சின்ன ஃப்ளெக்ஸ் வைக்கட்டுமா என்று இல்லத்தில் கேட்டேன். வேண்டாம் என்று எழுத்து மூலமாகவே கொடுத்துவிட்டார்கள்.

நானும் தினமும் காலையில் நடந்து பழகுகிறேன். டீக்கடை வரைக்கும். திரும்பி வரும்போது பாரம் கூடிவிடுகிறது.

சோணைமுத்து


ஸ்ரீவில்லிபுத்தூர்
28.7.2025

சோணைமுத்துவுக்கு,

தினமும் கோயில் மாடவீதியை இரண்டு தடவை சுற்றுகிறேன். வலி இருக்கிறது, பொறுக்கிற மாதிரிதான். கேன்வாஸ் ஷூ வாங்கியிருக்கிறேன். கடைக்காரன் பேத்திக்கா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அன்றைக்கும் உன்னோடு பேச மாட்டேன். அது வேறு கணக்கு. சொல்ல வேண்டியதைப் பால்சாமியிடம் சொல்வேன். அவர் உன்னிடம் சொல்வார்.

நல்லபடியாக வந்து சேர்.

செல்லக்கனி


ராஜபாளையம்
11.8.2025

அக்காவுக்கு,

இடுப்புக்குக் கீழே எனக்கு எதுவும் சௌக்கியமில்லை. உனக்கு எப்படி இருக்கிறது?

நேற்று நடந்ததை உனக்கே எழுதுவது கேவலம்தான். சோதனைச் சாவடியிலிருந்து முக்கால் கிலோமீட்டர்கூட வந்திருக்க மாட்டேன், ஒரு வேரில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. "பால்சாமி, அந்த ஆளை இங்கயே இருக்கச் சொல்லுங்க, குரங்குகிட்ட சோத்தப் பறிகொடுக்க வேணாம்னு சொல்லுங்க" என்று நீ சொன்னதும், ஒரு முழ தூரத்தில் நின்ற பால்சாமி அதை வார்த்தை மாறாமல் என்னிடம் சொன்னதும், பன்னிரண்டு பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்ததும்தான் என் மலையேற்றம்.

ஆனால் நீ மூன்று மணிக்கு இறங்கி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. கேட்கவும் முடியாது, நீ சொல்லவும் மாட்டாய். பால்சாமியைக் கேட்டேன், "அது அம்மாவே சொல்லணும்" என்றுவிட்டார். மேலே என்ன நடந்தது? நல்லதோ கெட்டதோ, எழுதிவிடு.

சோணைமுத்து


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.8.2025

அன்புள்ள தம்பி சோணைமுத்துவுக்கு,

முழங்கால் வீங்கி வடிந்துவிட்டது. நீ இடுப்புக்கு ஒத்தடம் கொடு, சும்மா எண்ணெயைத் தடவிக்கொண்டு கிடக்காதே.

நீ உட்கார்ந்த வேர் இருக்கிறதே, அதற்குப் பேர் பஸ் ஸ்டாண்டாம். முனீஸ்வரி என்று ஒரு பிள்ளை, ஆலங்குளத்துப் பக்கம், பன்னிரண்டு வயது. அவள்தான் இப்போது கண்டக்டர். வாயாலேயே விசில் அடிக்கிறாள். வழி நெடுக இவர் ஸ்டாப் வைத்திருக்கிறார். குறுக்கே விழுந்து கிடக்கிற மரம் ரயில்வே கேட்டு. அதன் முன்னால் எல்லோரும் நின்று, ரயில் போகும்வரை இருபது எண்ணிவிட்டுத்தான் ஏறித் தாண்ட வேண்டும். நானும் எண்ணினேன். ஓடையில் இருக்கிற குழி வாட்டர் டாங்கு. அதற்கு மேலே ஏற்றம். வனக்காவலர் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

உச்சியில் ஒரு சப்பைப் பாறை. முனீஸ்வரி ஒரு விசில் அடித்தாள், எல்லாம் நின்றது. "வீட்டம்மா ஸ்டாப் வந்தாச்சு. சத்தம் போடாம எறங்குங்க" என்றாள். ஏன் சத்தம் போடக் கூடாது என்று கேட்டேன்.

"சத்தம் போட்டா எங்க வீட்டம்மா முழிச்சுக்கும்னு சாரு சொல்வாரு. ராத்திரி பூரா கொறட்ட விட்டுட்டு இப்பத்தான் அசந்திருக்கும்னு சொல்வாரு."

பாறை நுனியிலிருந்து பார்த்தால் கோபுரம் தெரிகிறது. அதற்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு இருக்கும் இடம் புகை மாதிரி. அங்கே உட்கார்ந்துதான் சோற்றைப் பிரிப்பாராம். பிரிக்கும்போதெல்லாம் என் கதைதானாம். யாரிடம் பேசுகிறோம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு மெல்லத்தான் உறைத்தது. உறைத்ததும் பிடித்துக்கொண்டார்கள். "ஆச்சி, தாயத்துல தோத்தா கட்டைய மாத்திப் போடுவீங்களாமே?" "முறுக்க அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வைப்பீங்களாமே?" "சீரியல்ல அழுதுட்டு வெங்காயத்து மேல பழி போடுவீங்களாமே?" ஆச்சி என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பதினெட்டு வருஷமாக எத்தனை செட்டுப் பிள்ளைகள் அந்த இல்லத்தில் வளர்ந்து போயிருக்கும்? அத்தனை பேரும் என் குறட்டையை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். அந்த மனுஷன் கையில் கிடைத்தால் கரண்டியால் அடித்திருப்பேன்.

எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை சோணை.

பிள்ளைகள் ஓடைக்கு இறங்கின பிறகு பால்சாமியிடம் கேட்டேன், என் கதையை இவ்வளவு சொன்னவர் என்னை ஒரு நாள் கூட்டி வந்திருக்கலாமே என்று. இலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"நானும் கேட்டேம்மா. 'கூப்பிட்டா வந்துருவா பால்சாமி. வந்து இதுகளப் பாத்தா வெறுங்கையோட வீட்டுக்கு வர மாட்டா. ஒண்ணையாச்சும் கூட்டிட்டுப் போகணும்பா. எத விட்டுட்டு எதக் கூட்டிட்டுப் போறது? மிச்சம் பதினொண்ணும் செத்த நேரம் நம்மளப் பாக்கும்ல, அத என்னால தாங்க முடியாது'ன்னாரு. அம்புட்டுதாம்மா சொன்னாரு. பொறவு நான் கேக்கல."

நான் பாறையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதில் தப்பு இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. முனீஸ்வரியைப் பார்த்த முதல் நிமிஷமே, இவளுக்கு நம் வீட்டு மாடி அறை போதும் என்று நினைத்துவிட்டிருந்தேன்.

இறங்கும்போது சறுக்கும் என்று பக்கத்துக்கு ஒருத்தராகக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பாதி வழியில் ஆள் மாறியது. எனக்கும் வேண்டும் என்று சண்டை வந்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒருத்தர் ஆனார்கள். இல்லத்து வாசலில் பன்னிரண்டு பேரையும் எண்ணி ஒப்படைத்துவிட்டு, அவர் பயந்த மாதிரி இல்லாமல், வெறுங்கையோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

இன்றைக்கு நாலாம் நாள். முழங்கால் சரியாகிவிட்டது. இரண்டு கையும்தான் இன்னும் வலிக்கிறது.

உன் அக்கா,
செல்லக்கனி